இலை உலரும் வரை

மலர்களுள் சில, கண்ணால் காண்பதற்குப் பல வருஷங்களுக்கு முன்னரே செவி வழியாக நமக்குப் பரிச்சயமாகி விடுகின்றன. டாஃபோடில் என்னும் ஆங்கில நாட்டு மஞ்சள் மலர் நமக்கு அவ்வாறு பரிச்சயமானதே. பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, தாய்மாமனின் தயவால் பட்டணத்துக்குச் சென்று, ஆங்கில வழியில் கற்பிக்கும் பள்ளியொன்றில் பயின்றவர் நாம். அங்கே பத்தாம் பிராயத்தில் வொர்ட்ஸ்வொர்த் என்னும் கவிஞரின் டாஃபோடில் பாட்டை நெட்டுருப் பண்ணி, சபையேறி ஒப்பித்து, அகராதி ஒன்றைப் பரிசாகவும் பெற்றோம். அம்மலர் எப்படியிருக்கும் என்று ஆசிரியரை வினவியபோது, அவர் பள்ளிக்கூட வேலியில் படர்ந்திருந்த அலமண்டாக் கொடியைச் சுட்டி, "ஏறக்குறைய அதைப் போல" என்றார். பாவம், அவரும் கண்டவரல்லர். மஞ்சள் நிறம் ஒன்றைத் தவிர அவ்விரண்டுக்கும் யாதொரு உறவும் இல்லை என்பதை அறிய நமக்கு இருபத்தைந்து வருஷங்களாயின.

அப்பாட்டின் வரலாற்றையும் பிற்காலத்திலேதான் படித்தறிந்தோம். 1802ஆம் வருஷம் ஏப்ரல் 15ஆம் தேதி, கடுங்காற்று வீசிய ஒரு நாளில், கவிஞர் அல்ஸ்வாட்டர் என்னும் ஏரிக்கரையோரமாக நடந்து செல்கையில் இம்மலர்களின் கூட்டத்தைக் கண்டார். உடன் நடந்தவர் அவருடைய தங்கையார் டாரதி. கண்ட காட்சியைத் தம் நாட்குறிப்பில் விரிவாக எழுதி வைத்தவர் அவ்வம்மையாரே. பாட்டுப் பிறந்தது இரண்டு வருஷங்களுக்குப் பின்னர், அச்சேறியது 1807இல். அதிலுள்ள இரண்டு அடிகள் தம் மனைவியார் மேரி தந்தவை என்று கவிஞரே சொல்லியிருக்கிறார். இத்தனை பேர் சேர்ந்து உண்டாக்கிய பாட்டில் அவரோ தன்னந்தனியே திரிந்தவராகக் காட்சி தருகிறார்! நமது பள்ளிப் புத்தகத்திலும் ஒரு பெயரே அச்சிடப்பட்டிருந்தது.

நிற்க. அம்மலரை நாம் நேரிற் கண்டது நமது அன்னையாரின் நிமித்தமாகவே.

நமது தமக்கையார் தாதியாகப் பயிற்சி பெற்று, இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் என்னும் பிரதேசத்தில் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றி வருகிறார். (பேராக்கில் ஈயம் எடுக்க வந்த வெள்ளைக்காரர் பலர் இந்தக் கார்ன்வால் நாட்டாரே. ஆகையால் அவ்வூருக்கும் நமது கிந்தாப் பள்ளத்தாக்குக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு.) அவர் அங்கே சிறியதொரு வீடு வாங்கி, 2023ஆம் வருஷம் அக்டோபர் மாதத் தொடக்கத்தில் அன்னையாரைத் தம்மிடம் வரவழைத்துக் கொண்டார். விருந்தினராகச் செல்பவர் ஆறு மாதத்துக்கு மேல் அந்நாட்டில் தங்குதல் கூடாது என்பது சட்டம். ஆகவே மார்ச் மாத முடிவில் அவரைத் திருப்பி அழைத்துவரும் பொறுப்பு நம்முடையதாயிற்று. நாம் அலுவலகத்தில் லீவு பெற்று, 2024 மார்ச் நடுவில் அங்குப் போய்ச் சேர்ந்தோம்.

நமது அன்னையார் 26 வருஷம் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் தலைவிளக்குக் கட்டிக்கொண்டு நிரைக்குச் சென்றவர். ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோது அவருடைய உளிக்கும் ஓய்வு வந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்போடு அவர் படிப்பு முடிந்தது. ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்தது துரைமார் வாயிலிருந்து வந்த சில சொற்களே. அவற்றுட் சில அச்சிலேற்றத் தகாதவை. அப்படிப்பட்டவர் பனி பெய்யும் சீமையில் ஆறு மாதம் என்ன செய்யப் போகிறார் என்று நாம் கவலையுற்றதுண்டு. தமக்கையாரோ பகலிலும் இரவிலும் மாறி மாறி வேலைக்குச் செல்பவர். வீட்டில் அன்னையாருக்குத் துணை தொலைக்காட்சியும், பின்புறத்துச் சிறு தோட்டமுமே.

அவர் சென்ற இரண்டாவது வாரத்திலே, தமக்கையார் கடைவீதியிலிருந்து வலைப்பை ஒன்றில் 50 கிழங்குகள் வாங்கிவந்து அடுக்களை மேசைமீது வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பார்வைக்கு அவை பெரிய வெங்காயமேதான். பழுப்புத் தோல், கூரிய முனை, அடியில் வேர்த் தட்டு, எல்லாம் அச்சாக அப்படியே. அன்னையார் ஒன்றை எடுத்து நகத்தாற் கீறி முகர்ந்து பார்த்தாராம். வெங்காய வாசம் வரவில்லை. "வாசம் இல்லாத வெங்காயத்தைக் குழம்பிலே போடலாமா?" என்று அப்பையைத் தூக்கி வாயிற்படியில் வைத்துவிட்டார். நல்ல காலம்! டாஃபோடில் கிழங்கில் லைகோரின் என்னும் நச்சுப் பொருள் உண்டு. தின்றவருக்கு வாந்தியும் வயிற்றுவலியும் வரும். 2015ஆம் வருஷம் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையார், இக்கிழங்குகளையும் பூக்களையும் காய்கறிகளின் அருகே அடுக்கி வைக்கவேண்டாம் என்று பெரிய அங்காடிகளுக்கு எழுதி எச்சரித்தனர் என்றால், வெங்காயமென எண்ணி ஏமாந்தவர் அங்கும் உண்டு என்பது விளங்கும்.

அக்கிழங்குகளை நட்டவரும் அன்னையாரே. வேலிக்கு அப்பாலிருந்த முதிய ஆங்கில மாது ஒருவர் நடும் முறையைக் காட்டிக் கொடுத்தார். இருவருக்கும் பொதுப் பாஷை கிடையாது. கிழங்கின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு ஆழத்தில் குழி, கூரிய முனை மேல்நோக்க வேண்டும், ஒன்றுக்கொன்று இரண்டு கிழங்கு அகலம் இடைவெளி விடவேண்டும் என்னும் இவ்வளவையும் கையாலும் விரலாலுமே சொல்லி முடித்தனராம். கையுறை அணியவேண்டும் என்பதை மட்டும் அம்மாது தம் புறங்கையைச் சொறிந்து காட்டி விளக்கினார். செப்டம்பரிலேயே நடுதல் உத்தமம் என்பர். நவம்பர் வரையிலும் நடலாம். நட்டபின் மண்ணை மிதித்து இறுக்கிவிட்டு, அன்னையார் தினந்தோறும் அவ்விடத்தைப் போய்ப் பார்த்தார். மூன்று மாதம் அங்கே ஒன்றுமே தெரியவில்லை. தொலைபேசியில் நம்மிடம், "தம்பி, இந்த ஊர் மண்ணு பேசவே மாட்டேங்குது" என்று குறைப்பட்டதுண்டு.

மண் பேசாதிருந்த அக்காலத்தில் உள்ளே நடப்பதுதான் இம்மலரின் விசேஷம். கடையில் வாங்கும் கிழங்கை நெடுக்காகப் பிளந்து பார்த்தால், ஏடு ஏடாகச் சதை மூடிய நடுவிடத்தில், நெல் மணியளவில் மொட்டு ஒன்று முன்னமே உருவாகி இருக்கும். சென்ற கோடையில், இலைகள் மடிந்தபின், கிழங்கு தன்னுள்ளே அதைச் செய்து முடித்து வைத்திருக்கிறது. ஆனால் மொட்டு இருந்தால் மட்டும் போதாது. வேரூன்றிய கிழங்கு ஏறக்குறைய மூன்று நான்கு மாதம் குளிரிற் கிடக்க வேண்டும். 9 பாகை செல்சியஸும் அதற்குக் கீழுமாகக் குளிர் நின்றாலன்றி அக்காம்பு நீண்டு எழாது. நமது நாட்டில் இம்மலர் பூவாமைக்குக் காரணமும் இதுவே. மண்ணின் மீதும் மழையின் மீதும் குற்றமில்லை. கேமரன் மலையிலே ரோஜாவும் முட்டைக்கோசும் செழிக்கின்றனவே, டாஃபோடில் செழிக்கலாகாதா என்று கேட்பவருக்கும் இதே விடைதான். அங்கே இரவின் குளிர் சாதாரணமாக 15 பாகையளவில் நின்றுவிடுகிறது. குளிர்பதனப் பெட்டியில் கிழங்கை மாதக்கணக்கில் வைத்திருந்து எடுத்து நட்டு ஒருமுறை பூக்கச் செய்வோர் வெப்ப நாடுகளில் உண்டு. அது பூவை ஏமாற்றி வாங்குவது. மறு வருஷம் அது ஏமாறுவதில்லை.

ஜனவரி முடிவில் மண் பேசிற்று. கத்தி முனை போல் பசிய நுனிகள் எழுந்தன. நாம் போய்ச் சேர்ந்த மார்ச் நடுவில் தோட்டம் நிறைந்திருந்தது.

அக்காட்சியை நாம் எவ்வாறு சொல்வது! புத்தகத்தில் இருபத்தைந்து வருஷமாக அறிந்திருந்தும், அம்மலர் அசைந்துகொண்டே இருக்கும் என்பதை நாம் அறிந்திருக்கவில்லை. காம்பின் தலைப்பில் பூ நிமிர்ந்து நில்லாது. கழுத்தை மடக்கிப் பக்கவாட்டில் நோக்குகிறது. அதனால் இளங்காற்றும் அதைத் தலையாட்ட வைக்கிறது. சுற்றிலும் ஆறு இதழ். நடுவே நுனி சுருங்கிய குழல். இதழ் வெளிறிய மஞ்சளும் குழல் அடர்ந்த மஞ்சளுமாகச் சில. எல்லாம் ஒரே மஞ்சளாகச் சில. கூடவே பழைய வீட்டுக்காரர் எப்போதோ நட்டுப்போன வெள்ளை மலர்களும் வேலியோரம் இரண்டு மூன்று இருந்தன. சாம்பல் நிற வானத்தின் கீழ், வேறொரு மரமும் தளிர்க்காத அந்நாளில், இவ்வளவு மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று திகைத்து நின்றோம். கண் கூசிற்று என்று சொன்னாலும் மிகையாகாது.

அன்னையார் நம்மருகே வந்து நின்றார். ஒரு பூவின் குழலைச் சுட்டு விரலால் மெல்ல நிமிர்த்தி, "பார்த்தியா தம்பி, மங்கு மாதிரி இல்லே?" என்றார். பால் சொட்டுவதற்காக மரத்தில் கட்டும் மங்கைத்தான் சொன்னார். ஆம், அளவிற் சிறியது என்பதன்றி வேறு பேதமில்லை. எத்தனையோ ஆங்கிலப் புலவர்கள் அக்குழலைக் கிண்ணமென்றும் எக்காளமென்றும் வருணித்திருக்கிறார்கள். நமக்கு இனி அது மங்குதான்.

அன்று மாலை நாம் அந்தப் பழைய பாட்டின் பொருளைத் தமிழிற் சொன்னோம். பாட்டுப் பிறந்த கதையையும் சொன்னோம். அன்னையார் கவனமாகக் கேட்டுவிட்டு, "கூட நடந்த தங்கச்சி பேரு பாட்டிலே வருதா?" என்றார். இல்லையென்றோம். "அப்போ எழுதி வெச்சவ அவ, பேரு வாங்கினவன் இவனா?" என்று கேட்டுவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டார். நமக்குப் பாடஞ் சொன்ன எந்த ஆசிரியரும் இக்கேள்வியைக் கேட்டதில்லை. கவிஞருக்காக ஒரு வார்த்தை பேசலாமா என்று யோசித்தோம். தங்கையாரின் நாட்குறிப்பில் இருப்பது காட்சி, பாட்டில் இருப்பது அக்காட்சி பின்னொரு நாள் மனத்தில் திரும்ப வருவது, இரண்டும் வெவ்வேறு என்று வாதாடலாம். ஆனால் காய் நறுக்குபவரிடம் அவ்வாதம் செல்லுபடியாகும் என்று தோன்றவில்லை.

டாஃபோடில் ஆங்கில நாட்டின் மலரெனப் பெயர் பெற்றதாயினும், அதன் இனங்களிற் பெரும்பாலனவற்றுக்கு ஸ்பெயினும் போர்ச்சுகலுமே தாயகம். பிரிட்டனில் காட்டு மலராக வளரும் இனம் சிறியது. வேல்ஸ் நாட்டார் இதனைத் தம் தேசிய மலராகக் கொண்டு மார்ச் முதல் தேதியன்று சட்டையிற் குத்திக்கொள்கிறார்கள். மனிதர் கலந்து உண்டாக்கிப் பதிவு செய்த வகைகளோ 25,000க்கும் மேற்பட்டவை. அவற்றையெல்லாம் லண்டனிலுள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தார் 13 பிரிவுகளாக வகுத்துப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். கிராணி வேலை பார்ப்பவருக்கு இத்தகைய பதிவேட்டின் மேல் தனிப்பட்ட மரியாதை தோன்றுவது இயல்பே.

கார்ன்வால் பிரதேசத்தில் இம்மலர் வீட்டுத் தோட்டத்தோடு நிற்பதில்லை. வயல் வயலாகப் பயிரிடப்படுகிறது. தமக்கையாருக்கு ஓய்வு கிடைத்த ஒரு நாளில் நாங்கள் மூவரும் பேருந்தில் ஏறி அவ்வயல்களைக் காணச் சென்றோம். பருவம் முடியுந் தறுவாய். சில வயல்கள் முழுதும் பூத்து மஞ்சள் கம்பளமாய்க் கிடந்தன. அழகென்று நாம் வியந்தோம். தமக்கையாரோ, அது விற்காமற்போன வயலென்றார். விற்பனைக்குரிய பூ விரிந்திருக்கலாகாது. பச்சை மொட்டு மஞ்சள் காட்டி, வாத்தின் கழுத்தைப் போல் வளையத் தொடங்கும் பக்குவத்தில் பறித்தால்தான் ஊர் போய்ச் சேர்ந்து குவளையில் விரியும். ஆகவே மஞ்சளாய்த் தோன்றும் வயல் பறிக்க ஆள் கிடைக்காத வயல், அல்லது விலை கிடைக்காத வயல். 2021ஆம் வருஷத்தில் பறிக்கக் கைகளின்றி எத்தனையோ வயல்கள் அவ்வாறு வீணே பூத்தன என்பர். அதன் பின்னரே பருவகாலத் தொழிலாளருக்கான அனுமதியை அரசாங்கத்தார் பூந்தோட்டங்களுக்கும் விரித்தனர்.

தூரத்து வயலில் ஆட்கள் குனிந்து பறித்துக்கொண்டிருந்தனர். மழைச்சட்டையும் முழங்கை வரை கையுறையும் அணிந்திருந்தனர். காம்பை அடியில் ஒடித்து, பத்துப் பத்தாகச் சேர்த்து, ரப்பர் வளையம் மாட்டிக் கூடையில் இடுவது வேலை. கூலி கட்டுக் கணக்கில். அக்கணக்கு நாட்டின் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போனால் எசமானர் ஈடுசெய்ய வேண்டும் என்று சட்டம் உண்டு. காம்பினின்று வடியும் சாறு தோலிற் பட்டால் அரிப்பெடுத்துப் புண்ணாகும். அதற்கே பறிப்போர் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தமக்கையாரின் மருத்துவமனைக்கும் கை வீங்கியவர் வருவதுண்டாம். முன்னே கிழக்கு ஐரோப்பியர் வந்தனர். இப்போது கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் முதலிய தூரதேசங்களிலிருந்து வருகிறார்கள்.

அன்னையார் வேலியருகே நின்று வெகு நேரம் பார்த்தார். நாமோ நமது உத்தியோக புத்தியால், ஒருவர் நிமிஷத்துக்கு எத்தனை கட்டுக் கட்டுகிறார் என்று எண்ணத் தலைப்பட்டோம். நமது தோட்டத்திலும் செம்பனைக் குலை வெட்டுபவர் பெரும்பாலும் வங்காள தேசத்தாரும் இந்தோனேசியருமே. குலைக் கணக்கை நாள்தோறும் ஏட்டில் ஏற்றுபவர் நாமே. கணக்கில் ஒரு குலை விடுபட்டால் அவர் முகம் எப்படியாகும் என்பதையும் அறிவோம். அன்னையார் திரும்பி, "பிரட்டு எத்தனை மணிக்காம்?" என்று மட்டும் கேட்டார். விசாரித்துச் சொல்ல அங்கு ஆளில்லை. அவர்கள் பூவைக் கட்டிய ரப்பர் வளையம் எந்நாட்டு மரத்தின் பாலோ என்று நாம் எண்ணிக்கொண்டே பேருந்துக்கு நடந்தோம்.

அங்கிருந்து சற்றுத் தொலைவில் கடலுக்குள் ஸில்லி என்னும் தீவுகள் உள. அங்கே கொத்தாகப் பூக்கும் மணமுள்ள ஒருவகை டாஃபோடிலைப் பயிரிட்டு, கோடையில் வயல்மேல் வைக்கோலைக் கொளுத்திப் புகை போடுவது வழக்கமாயிருந்தது. புகை பட்ட வயல் முன்கூட்டியே பூக்கிறது. காரணம் புகையிலுள்ள எத்திலீன் என்னும் வாயு. இதைப் படித்தபோது நாம் துள்ளிவிட்டோம்; ஏனெனில் பால்மரத்தின் பட்டையில் அதிகப் பால் சுரக்கும்படி பூசுகிறார்களே, எத்தெபோன் என்னும் மருந்து, அது மரத்தினுள்ளே வெளியிடுவதும் அதே வாயுதான். அன்னையாரிடம் சொன்னோம். அவர் வியப்படையவில்லை. "மருந்து போட்டா மரம் சீக்கிரம் செத்துப்போகும். பூவும் அப்படியா?" என்றார்.

இனி, இலையின் விஷயத்துக்கு வருவோம். இதை எழுதப் புகுந்ததே அதன் பொருட்டுத்தான்.

மார்ச் கடைசி வாரத்தில் முதலில் மலர்ந்த பூக்கள் வாடின. வாடிய தலைகளைக் கிள்ளிவிட வேண்டும். இல்லாவிடில் செடி விதை கட்டுவதில் சக்தியைச் செலவிடும். விதையிலிருந்து பூக் காண ஐந்து முதல் ஏழு வருஷமாகும் என்பதால், வீட்டுத் தோட்டத்தில் விதையால் லாபமில்லை. அன்னையார் கிள்ளினார். ஆனால் எஞ்சி நின்ற இலைகள் பார்வைக்குச் சுகமானவையல்ல. நீண்டு, சாய்ந்து, புல்தரையின் மேல் கலைந்து கிடந்தன. வலப்புறத்து வீட்டார் தம் இலைகளையெல்லாம் வளைத்துச் சடை பின்னுவது போல் முடிச்சிட்டு வைத்திருந்தனர். தமக்கையாரோ அதற்கும் நேரமில்லாதவர். ஏப்ரல் முதல் வாரத்தில் புல் வெட்டும் யந்திரத்துடன் ஓர் ஆளை வரச்சொல்லியிருந்தார். புல்லோடு இலைகளும் போய்விடும் என்பது அவர் ஏற்பாடு.

அன்னையாருக்கு அதைக் கேட்டதும் பொறுக்கவில்லை. அவருக்குத் தாவர சாஸ்திரம் எவரும் கற்பித்ததில்லை. எனினும், வருஷத்தில் ஒருமுறை பால்மரம் இலை முழுதும் உதிர்த்துப் புதுத் தளிர் விடுங்காலத்தில் பால் சுண்டிப்போவதையும், அத்தளிர் முற்றும்வரை மரத்தை வருத்தலாகாது என்பதையும் 26 வருஷம் கண்டவர் அவர். "பூ போனா வேலை முடிஞ்சதுன்னு யார் சொன்னது? இலை பச்சையா இருக்கிற வரைக்கும் கிழங்குக்குச் சோறு போய்க்கிட்டிருக்கு. இப்ப வெட்டினா அடுத்த வருஷம் வெறும் இலைதான் வரும்" என்றார்.

நாம் நமது ஆங்கிலப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தோம். அன்னையார் சொன்னதையே அவையும் நீண்ட வாக்கியங்களில் சொல்லியிருந்தன. பூ வாடியபின் குறைந்தது ஆறு வாரம் இலையைத் தொடலாகாது. முடிச்சிடுதலும் கூடாது, வெயில் படும் பரப்புக் குறைந்துபோம். அடுத்த வருஷத்து மொட்டு இந்த ஆறு வார உணவைக் கொண்டே பின்னர் கிழங்கினுள் உருவாகிறது. இலையை முன்கூட்டி வெட்டிய கிழங்கு மறுவருஷம் பூவாமல் நிற்பதை அந்நாட்டுத் தோட்டக்காரர் "குருடு" என்று வழங்குகிறார்கள்.

ஆறு வாரம் என்றால் மே மாத நடு. அன்னையாருக்கு நாட்டில் இருக்க அனுமதி ஏப்ரல் தொடக்கம் வரை. விமானச் சீட்டோ மார்ச் 30ஆம் தேதிக்கு.

அன்றிரவு தாய்க்கும் மகளுக்கும் வாக்குவாதம் மூண்டது. நாம் குறுக்கிடவில்லை. தமக்கையார், "எனக்கு ராத்திரி டூட்டி, பகல் டூட்டி, இதையெல்லாம் யார் பார்த்துக்கிட்டிருப்பா? நீங்களும் இருக்கப் போறதில்லே" என்றார். கடைசி வாக்கியத்தில் அவர் குரல் கம்மிற்று. தாயைத் தம்முடனே நிரந்தரமாக வைத்துக்கொள்ள அவர் ஒரு வக்கீலிடம் சென்று கேட்டிருக்கிறார். 2012ஆம் வருஷத்தில் மாற்றிய விதிகளின்படி, அன்றாடக் காரியங்களுக்கே நெடுங்காலம் பிறர் உதவி வேண்டுமளவு முதியவர் நலிந்து, அவ்வுதவி சொந்த நாட்டில் கிடைக்க வழியுமில்லை என்று நிரூபித்தாலன்றி அனுமதி கிடையாதாம். அன்னையாருக்கோ மண்வெட்டி பிடிக்கும் பலம் இன்னும் இருக்கிறது. "நடக்க முடியாமப் போனா வரலாம்னு சொல்றாங்கம்மா" என்று தமக்கையார் அன்றைக்குத்தான் அதை வெளியிட்டார்.

அன்னையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நல்லா நடக்கிற காலத்திலே ஆறு மாசம் ஆறு மாசமா வந்துட்டுப் போறேன். அந்தப் புல்லு வெட்டறவனுக்கு நாளைக்குப் போன் பண்ணு" என்றார்.

மறுநாள் காலையில் அவர் குச்சிகள் நட்டு, கயிறு கட்டி, இலைகள் நின்ற இடத்தை வளைத்து எல்லை போட்டார். கயிற்றுக்கு வெளியே புல் வெட்டலாம். உள்ளே மே மாதம் வரை எவரும் காலெடுத்து வைக்கலாகாது. நம்மை அழைத்து, அதை ஆங்கிலத்தில் அட்டையில் எழுதித் தொங்கவிடச் சொன்னார். எழுதினோம். நமது ஆங்கிலப் படிப்பு அவருக்குப் பயன்பட்ட தருணம் அந்தப் பிரயாணம் முழுவதிலும் அது ஒன்றே. வேலிக்கு அப்பாலிருந்த முதிய மாதிடம் கயிற்றைச் சுட்டிக் காட்டி, தம் கண்ணைத் தொட்டு, பிறகு அம்மாதைச் சுட்டினார். அவர் தலையசைத்தார். கண்காணி நியமனம் அத்துடன் முடிந்தது.

30ஆம் தேதி ரயிலேறி லண்டனுக்கும், அங்கிருந்து கோலாலம்பூருக்கும் வந்து சேர்ந்தோம். தோட்டத்துக்கு வந்த மறுநாளே அன்னையார் வெண்டைக்குப் பாத்தி கொத்தத் தொடங்கிவிட்டார். ஆயினும் ஞாயிறுதோறும் இரவில் தமக்கையார் கைபேசியில் அனுப்பும் படத்தைக் காணாமல் உறங்கமாட்டார். ஏப்ரல் முழுதும் இலை பச்சையாகவே நின்றது. மே முதல் வாரத்தில் நுனி மஞ்சளாயிற்று. மூன்றாம் வாரத்துப் படத்தில் எல்லாம் வைக்கோலாய்ச் சாய்ந்து கிடந்தன. "இழுத்துப் பாரு, தானா கையோட வந்தாத்தான் எடுக்கணும்" என்று உத்தரவாயிற்று. தானாகவே வந்தனவாம். ஜூலையில் தமக்கையார் வேலியோரத்துப் பழைய வெள்ளைப் பூக் கிழங்குகளைத் தோண்டி, நெருங்கிக் கிடந்தவற்றைப் பிரித்து நட்டதாகச் சொன்னார். அவரை யாரும் கேட்காமலே செய்திருக்கிறார்.

2025 மார்ச்சில் கயிற்றுக்குள் 67 பூக்கள். ஒரு மூக்குடைய கிழங்குகளிற் சில இரு மூக்காகப் பெருகியிருக்கின்றன. படத்தைப் பெரிதாக்கி அன்னையார் இரண்டு முறை எண்ணினார். நமது எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது என்று கடிந்து, குழல் பின்புறமாய்த் திரும்பியிருந்த ஒன்றைக் காட்டினார். இவ்வருஷம் மேலும் கிழங்கு வாங்கலாமா, எந்த ஆழத்தில் நடுவது என்று தமக்கையார் கேட்டார். அன்னையார் கைபேசியை நம்மிடம் கொடுத்துப் பிடித்திருக்கச் சொல்லிவிட்டு, வலது கையை நிமிர்த்தி, நடுவிரல் நுனியிலிருந்து உள்ளங்கையின் பாதி வரை இடது கையால் அளந்து காட்டினார்.